‘பேரப்பிள்ளைகளைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது, நான் கெட்ட பாட்டியா?’

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் சொல்கிறேன். யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 63 வயது. கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. ‘தனியாக ஏன் இருக்கிறாய், இங்கே வந்துவிடு’ என்று மகள் கூப்பிட, காரியமெல்லாம் முடிந்த கையோடு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். பேத்திக்கு 7 வயது, பேரனுக்கு இரண்டரை. மகளும் மருமகனும் காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். இவருடைய நாள் காலை 5 மணிக்குத் தொடங்குகிறது. சின்னவன் இரவிலும் பாட்டியுடன்தான் படுக்கிறான், இரண்டு மூன்று முறை எழுந்து அழுகிறான்.

இவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. காலையில் போட வேண்டிய ஒரு மாத்திரையைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கிறது, சின்னவனைத் தனியாக விட முடியவில்லை, அதனால் வாரத்தில் பல நாள் அதைப் போடுவதே இல்லை. மற்ற மாத்திரைகளை மறக்காமல் இருக்கத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். முழங்கால் வலி, படபடப்பு. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறார். சாவியை வைத்த இடம் மறந்துபோகிறது. ‘எனக்கு மறதி நோய் வந்துவிட்டதா?’ என்று கேட்கிறார்.

போன மாதம் பேத்தி வீட்டுப்பாடம் எழுதமாட்டேன் என்று அடம் பிடித்தபோது முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டார். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார். சின்னவன் கையில் போனைக் கொடுத்ததற்காகப் பிள்ளைகள் எதிரிலேயே மகள் கடிந்துகொண்டாள். இதையெல்லாம் அவளிடம் சொன்னால் வேலையை விட்டுவிடுவாளோ, ‘உனக்கு எங்களோடு இருக்கப் பிடிக்கவில்லை’ என்று நினைப்பாளோ என்று பயம். மகன் வீட்டுக்குப் போய்விடலாமா, பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டுக்கே தனியாகத் திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறார். ‘பெற்ற பிள்ளைகளை வளர்க்கும்போது இப்படி அலுத்துக்கொண்டதில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது. நான் கெட்ட பாட்டியா?’ என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘சில ராத்திரி, படுத்தவள் அப்படியே எழுந்திருக்காமல் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.’

அம்மா, நீங்கள் கடைசியாக எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கடைசி வரி

முதியோருக்கான மனநல மருத்துவராக இந்த வரியை நான் அடிக்கடி கேட்கிறேன். பல சமயம் அதற்குப் பொருள் ‘எனக்குச் சாக வேண்டும்’ என்பதில்லை, ‘எனக்கு ஓய்வு வேண்டும், அதைக் கேட்க வேறு வழி தெரியவில்லை’ என்பதுதான். ஆனாலும் எழுத்தை மட்டும் பார்த்து உங்களுக்கும் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே கிடக்கிறதா, முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா, பசியும் தூக்கமும் மாறியிருக்கின்றனவா என்று ஒரு மருத்துவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வயதானவர்களிடம் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. உடம்பு வலியாக, எரிச்சலாக, மறதியாகக்கூட வரும். அது குணமாகக்கூடிய நோய், 63 வயதிலும் 83 வயதிலும்.

‘எழுந்திருக்காமல் போனால் நல்லது’ என்ற நினைப்பு, ‘எப்படிப் போவது’ என்ற யோசனையாக மாறினால் அன்றே, அந்த மணி நேரமே மகளிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மகளைத் தொந்தரவு செய்கிறோமே என்று அதில் மட்டும் தயங்கவே தயங்காதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. காரியம் முடிந்த கையோடு வந்துவிட்டீர்கள், அடுத்த நாள் காலையிலிருந்து இடுப்பில் ஒரு குழந்தை. ‘பிள்ளைகளோடு இருந்தால் துக்கம் தெரியாது’ என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். துக்கம் தெரியாமல் போகலாம், இல்லாமல் போவதில்லை. அவரைப் பற்றிப் பேசவும் அழவும் உங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

தலையணைக்கு அடியில் இருக்கும் மாத்திரை

அந்த மாத்திரைப் பட்டையை இன்றைக்கே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டரை வயதுப் பிள்ளை உங்கள் பக்கத்தில் படுக்கிறான். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பெரியவர்கள் போடும் மாத்திரைகளில் சில, ஒன்றிரண்டு வயிற்றுக்குள் போனாலே அந்த வயதுப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. உயரமான இடத்தில், பூட்டி வைக்க வேண்டும். மறந்துவிடுமே என்றால், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பேத்தியை நினைவுபடுத்தச் சொல்லுங்கள். எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும் அவளுக்கு வேண்டாம்.

காலை மாத்திரையைப் பற்றி. அது உடம்பில் சேர்ந்திருக்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிற வகை என்று நினைக்கிறேன். போட்ட சில மணி நேரத்துக்குச் சிறுநீர் அதிகமாகப் போவது அதன் வேலை. ஒரு நாள் போட்டு இரண்டு நாள் விட்டால் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் படபடப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம். இதற்கு வழி உண்டு: மருந்தை மாற்றலாம், அளவை மாற்றலாம், அல்லது பெரியவர்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போடலாம். அதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தவோ நேரத்தை மாற்றவோ வேண்டாம். ‘பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாததால் போடுவதில்லை’ என்று அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மருந்து போட்டும் அழுத்தம் குறையவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்துவிடக் கூடாது.

வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், 5 நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு வாரச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்தைச் சீர்ப்படுத்த வேண்டியிருக்கும். படபடப்போடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இந்த அலுப்பு எங்கிருந்து வருகிறது

காலை 8 முதல் இரவு ஏழரை வரை, வாரத்துக்கு 5 நாள் என்று வைத்தாலும் 57 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அது தனி ஆளாகப் பார்க்கும் நேரம் மட்டும். விடியற்காலையும் இரவில் எழுவதும் இதில் சேரவில்லை. உங்கள் மகளும் மருமகனும் அலுவலகத்தில் இவ்வளவு நேரம் இருந்தால், அவர்களுக்கு அலுப்பாக இருக்கிறது என்பதற்காக அவர்களைக் கெட்டவர்கள் என்று யாராவது சொல்வார்களா? உங்கள் அலுப்புக்கும் அன்புக்கும் சம்பந்தம் இல்லை. 63 வயது உடம்பு செய்கிற வேலையின் அளவுதான் அலுப்பைத் தருகிறது.

‘பெற்ற பிள்ளைகளிடம் அலுத்துக்கொண்டதில்லை’ என்கிறீர்கள். அப்போது உங்களுக்கு முப்பது வயதோ என்னவோ. தூக்கம் கெட்டாலும் மறுநாளே ஈடுகட்டிவிடும் உடம்பு. இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. அந்தப் பிள்ளைகள் எப்போது தூங்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். இப்போது பொறுப்பு முழுவதும் உங்களிடம், முடிவெடுப்பது மகளிடம். சின்னவன் விழுந்து நெற்றி வீங்கினால் ‘நீ என்ன பண்ணிட்டிருந்தே?’ என்ற கேள்வி உங்களுக்கு வரும், போன் கொடுக்கலாமா கூடாதா என்பதில் உங்கள் பேச்சு எடுபடாது. பொறுப்பு இருந்து அதிகாரம் இல்லாத வேலை எதுவானாலும் மனதை அரிக்கும். அதோடு, இந்த வேலைக்கு முடியும் நேரம் என்று ஒன்று இல்லை. ஏழரைக்கு மகள் வந்த பிறகும் சின்னவன் உங்கள் புடவையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இன்னும் பொறுமையோ இன்னும் பாசமோ இல்லை. வேலை முடியும் நேரம் வேண்டும். நீங்கள் பிள்ளைகளைப் பார்க்கும் நேரத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுக்கு மரியாதை வேண்டும். இரவுத் தூக்கமும் வேண்டும்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் ஆயுள் கூடும் என்று ஒரு செய்தியை மகள் உங்கள் போனுக்கு அனுப்பினாளாம், அதைப் படித்ததும் குற்ற உணர்வு இன்னும் அதிகமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் உண்மை உண்டு, பாதி. பெர்லினில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. பேரப்பிள்ளைகளை அவ்வப்போது பார்த்துக்கொண்ட தாத்தா பாட்டிகள், அறவே பார்க்காதவர்களைவிட அதிக காலம் வாழ்ந்ததாக அது சொன்னது. அவ்வப்போது என்பதை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளை முழுநேரமும் வளர்த்த தாத்தா பாட்டிகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மெல்போர்னில் பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. வாரத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிகள் நினைவாற்றல், சிந்தனைத் திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். ஐந்து நாளும் அதற்கு மேலும் பார்த்தவர்கள் ஒரு சோதனையில் பின்தங்கினார்கள். பார்த்துக்கொண்டதால்தான் அப்படி ஆனது என்று இந்த ஆய்வுகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பேரப்பிள்ளைகளோடு இருப்பது நல்லதா கெட்டதா என்பதைவிட, எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது. மகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மறதி நோயா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்பை மூன்று முறை போய்ப் பார்ப்பது பெரும்பாலும் பதற்றத்தின் அடையாளம். சாவியைத் தேடி எடுத்ததும் ‘ஆமாம், இங்கேதான் வைத்தேன்’ என்று நினைவு வந்துவிடுகிறது என்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. பழகிய வழியில் தொலைந்துபோவது, தினமும் செய்கிற வேலையின் வரிசையே தெரியாமல் நிற்பது, மறந்தது உங்களுக்கே தெரியாமல் வீட்டார் கவலைப்படுவது, இவைதான் என்னைக் கவலைப்படுத்தும். இரவில் மூன்று முறை எழுந்தால் யாருக்கும் மறுநாள் நினைவு பிசகும். உங்கள் வயதில் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும், அதுவும் துண்டுதுண்டாக இல்லாமல். இருந்தாலும் தைராய்டு, ரத்தசோகை, பி12 வைட்டமின் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடச் சொல்லுங்கள். மூன்றுமே சோர்வைத் தரும், மறதியையும் தரலாம், மூன்றுக்கும் மருந்து உண்டு.

கை ஓங்கும் அந்த நிமிடம்

பேத்தியை அடித்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அடித்தது தவறுதான். அதைச் சரிசெய்யவும் முடியும். 7 வயதுப் பிள்ளைக்குப் புரியும். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘அன்னைக்குப் பாட்டி அடிச்சது தப்பு. எனக்குக் கோபம் வந்துடுச்சு. இனி கோபம் வந்தா நான் அந்த ரூமுக்குப் போய்ட்டு வருவேன்’ என்று சொல்லுங்கள். ‘நீ எழுதியிருந்தால் அடித்திருக்கமாட்டேன்’ என்று மட்டும் சேர்க்காதீர்கள், மன்னிப்பு அந்த இடத்திலேயே வீணாகிவிடும்.

கோபம் தலைக்கேறுமுன் உடம்பு சொல்லிவிடும். பல் இறுகும், குரல் உயரும், காது சூடாகும். அப்போது சின்னவனைத் தொட்டிலிலோ, விழவோ எதையும் எடுக்கவோ வழியில்லாத இடத்திலோ விட்டுவிட்டு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நாலைந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். அவன் அழுதால் அழட்டும், பத்திரமான இடத்தில் சில நிமிடம் அழுவதால் ஒன்றும் ஆகாது. நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். எந்தக் கோபத்திலும் சின்னவனின் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள், அந்த வயதில் மூளையில் காயம் உண்டாக்கும்.

அப்புறம், அவனைத் தரையிலிருந்து தூக்குவதை நிறுத்துங்கள். 12, 13 கிலோ இருப்பான். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் அவனே ஏறி மடிக்கு வருவான். முழங்காலுக்கு இதைவிட நல்ல உதவி இப்போதைக்கு இல்லை.

மகளிடம் எப்படிச் சொல்வது

சொன்னால் வேலையை விட்டுவிடுவாள் என்று நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். அவளுக்கு நீங்கள் இன்னும் எதையும் சொல்லவே இல்லையே! அவள் வீட்டில் இல்லாத பதினொன்றரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவளும் களைத்துப்போய்த்தான் வருகிறாள், போனுக்காகக் கடிந்துகொண்டதும் பாதி அந்தக் களைப்பில்தான் இருக்கும்.

பேசுவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், இரவில் எத்தனை முறை, மாத்திரை போட்டீர்களா, உட்கார்ந்து சாப்பிட்டீர்களா, எப்போது படுத்தீர்கள். குறை சொல்ல இல்லை, கணக்கு காட்ட. விடுமுறை நாளில், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், மருமகனையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர் பிள்ளைகளும்தானே. ‘எனக்கு முடியலம்மா’ என்று பொதுவாகச் சொன்னால் அவர்களும் ‘சரிம்மா, ரெஸ்ட் எடு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: ‘ராத்திரி தம்பி உங்ககூடப் படுக்கட்டும். நீ வந்து அரை மணி நேரம் உட்காரு, எட்டு மணிக்குப் பிள்ளைங்களை உன் கையில விட்டுடுவேன். ஞாயித்துக்கிழமை முழுக்க எனக்கு லீவு. இவளோட வீட்டுப்பாடம் நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பாருங்க.’ முதல் சில இரவுகள் சின்னவன் பாட்டி வேண்டும் என்று கத்துவான். மனம் இளகி எழுந்து போனீர்கள் என்றால் கத்தினால் பாட்டி வருவாள் என்று கற்றுக்கொள்வான். இரண்டு வாரம் தாங்குங்கள்.

போன் விஷயத்தில் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்குத் திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எப்போது கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், நீங்கள் குளிக்கவோ சற்றுச் சாயவோ போகும் நேரமாக வைத்துக்கொள்ளலாம். அதை மகளும் ஒப்புக்கொள்ளட்டும். உங்களைத் திருத்த வேண்டியிருந்தால் பிள்ளைகள் எதிரில் வேண்டாம், பிறகு தனியாகச் சொல் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிள்ளைகள் உங்கள் சொல்லைக் கேட்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

வாரத்தில் சில நாள், பாதி நாளாவது சின்னவனைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுவதையும் பேசுங்கள். அது உங்கள் தோல்வி ஆகாது. ‘பள்ளிக்கூடம் போகிற வரைக்கும்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாளே, உங்கள் வேலை குறைந்துவிட்டதா?

இன்னொன்று. பெற்றவர்கள் இல்லாத நேரத்தில் பிள்ளைக்கு அடிபட்டால் எந்த மருத்துவமனைக்குப் போவது, யாரைக் கூப்பிடுவது, சிகிச்சைக்கு நீங்கள் சம்மதம் தரலாமா என்பதை எழுதிக் கையெழுத்து போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் ஊருக்கு ஊர் மாறும், அந்தத் தாள் எல்லா இடத்திலும் செல்லுமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் பயத்தில் பாதி அதிலேயே குறையும்.

வேறு வீட்டுக்குப் போகலாமா

மகன் வீட்டைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. அங்கேயும் சின்னப் பிள்ளை இருந்தால் இதே நாள்தான் அங்கேயும் காத்திருக்கும். பழைய வீட்டுக்குத் தனியாகப் போவது தப்பே இல்லை, அது உங்கள் உரிமை. ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். துக்கம் இன்னும் ஆறவில்லை, மனச்சோர்வு இருக்கிறதா என்று தெரியவில்லை, மாத்திரை ஒழுங்காகப் போடவில்லை. இந்த நிலையில் தனிமை ஆபத்து. முதலில் சிகிச்சையும் நேர ஒழுங்கும் நடக்கட்டும். மூன்று மாதம் கழித்தும் போக வேண்டும் என்று தோன்றினால், ஒரேயடியாகப் போகாமல் வாரத்தில் இரண்டு நாள் அங்கே இருந்து பார்க்கலாம். அந்த வீட்டை அதற்குள் யார் சொன்னாலும் விற்றுவிடாதீர்கள், வாடகைக்கும் விடாதீர்கள். போக ஓர் இடம் இருக்கிறது என்ற தெம்பு, இங்கே இருப்பதையும் இலகுவாக்கும்.

இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும், அழுத்தம் குறித்த தாளையும், இந்தக் கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கடைசி வரியை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் விரலை வைத்துக் காட்டுங்கள். மகளோ மருமகனோ அன்று அரைநாள் விடுப்பு எடுத்து வீட்டில் இருக்கட்டும். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.